மேடைக்குக் கீழே எட்டு வாரம்

பள்ளிக்கூட ஆண்டுவிழாக்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. நடனத்தை ஒழித்துக்கட்ட ஒரு கமிட்டி போட்டு யோசித்திருந்தாலும் இவ்வளவு கச்சிதமான ஏற்பாடு கிடைத்திருக்காது. அக்குளில் கிழிந்த வாடகை உடை, பல்லிலும் ஒட்டிக்கொண்ட உதட்டுச்சாயம், காது கிழியும் ஒலிபெருக்கி, போனைத் தூக்கிப் பிடித்துப் பின்னால் இருப்பவரை மறைக்கும் அப்பாக்கள், தன் பிள்ளை மேடையை விட்டு இறங்கியதும் எழுந்து போய்விடும் அம்மாக்கள். இதையெல்லாம் வெளியில் நின்று வேடிக்கை பார்த்துச் சொல்லவில்லை. ஒன்பது வருடமாக எனக்கு இதில்தான் சோறு.

சேலத்தில் ஒரு கல்லூரியில் பரதநாட்டியம் படித்தேன். கடைசி வருடத்தில் எட்டு வாரம் வெளியே ஏதாவது ஓர் இடத்தில் வேலை பார்த்துவிட்டு, அங்கே நம்மை மேய்த்தவரிடம் ஓர் அறிக்கை வாங்கி வர வேண்டும். இன்டர்ன்ஷிப் என்பார்கள். அந்த வருடம் அறிக்கைக்கு ஒரு மவுசு இருந்தது. சென்னையில் ஒரு நடனக் குழு எங்கள் வகுப்பிலிருந்து ஒரே ஒருத்தியை நேர்முகத்துக்கு அழைப்பதாகச் சொல்லியிருந்தது. யாருடைய அறிக்கை நன்றாக இருக்கிறதோ அவளைக் கல்லூரி அனுப்பும். அந்த இடம் எனக்கு வேண்டும். ஏழு வயதிலிருந்து ஆடுகிறேன்; மேடையில் ஆடித்தான் வாழ வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அது நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் டான்ஸ் மிஸ்ஸாகப் போய் விழ வேண்டும். எங்கள் வகுப்பில் 'டான்ஸ் மிஸ்' என்பதை வசவாகவே பயன்படுத்தினோம். ஒருத்தி தாளம் தப்பினால் 'போடி டான்ஸ் மிஸ்' என்போம்.

எங்கள் துறைத் தலைவி, தினமும் பட்டுப்புடவையில் வருகிறவர், தனக்குப் பிடித்தவர்களைச் சென்னைக்கும் கோவைக்கும் அனுப்பினார். எனக்கு ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தை எழுதியிருந்தார்.

"உனக்கு ஊடு சேலத்துலதானே கண்ணு, பஸ்ஸு ஏறுனா ஒரு மணி நேரம். மலைக்காத்து உடம்புக்கு நொம்ப நல்லது" என்றார். என் உடம்புக்கு அதுவரை ஒரு குறையும் இருக்கவில்லை.

இருபது கொண்டை ஊசி வளைவுகளும் திரும்பி, ஒவ்வொரு வளைவிலும் அவரைத் திட்டிக்கொண்டே மலையேறினேன். ஏரிக்கரையில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தாலும் எரிச்சலாக வந்தது. பள்ளிக்கூடத்தில் என்னை வரவேற்றவர் டான்ஸ் மாஸ்டர். நாற்பத்தைந்து வயது இருக்கும். நீல நிற டிராக் சூட், கழுத்தில் விசில், அவர் வாசலுக்கு வருவதற்கு முன்பே வந்துவிடும் தொப்பை. இவர்தான் என் அறிக்கையை எழுதப் போகிறவர்.

"பரதநாட்டியமுங்களா? நல்லதுங்க. அதை ஒரு ஓரமா வெச்சிருங்க. இங்க வேலைக்கு ஆகாது" என்றார்.

அவரிடம் மொத்தம் மூன்று நடனங்கள் இருந்தன. வரவேற்பு நடனம், கிராமிய நடனம், தேசபக்தி நடனம். ஐந்து பள்ளிகளில் வேலை பார்த்திருந்தார். ஐந்திலும் இதே மூன்றுதான். பாட்டு மட்டும் மாறும். கிராமிய நடனத்தில் முறத்தை இறக்கிவிட்டு மூவர்ணக் கொடியைக் கையில் கொடுத்தால் தேசபக்தி. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள்கூட ஆகவில்லை. அவர் அதை மறைக்கவும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கேவலமாகப் பட்டது.

வரவேற்பு நடனத்தை என் தலையில் கட்டினார். இருபது பெண் பிள்ளைகள், மூன்று வரிசை. நான் பிள்ளைகளுக்கு அடவைப் பிரித்துச் சொல்லி, எண்ணிக்கையோடு மனதில் பதியவைக்கலாம் என்று ஆரம்பித்தேன். மாஸ்டர் விசில் ஊதி நிறுத்தினார்.

"பிள்ளைங்களுக்கு ஞாபகம் எதுக்குங்க? கண் இருந்தாப் போதும். நீங்க கீழ நின்னு ஆடிக்காட்டுங்க, அவங்க மேல நின்னு பாத்து ஆடுவாங்க. எங்க போனாலும் இப்படித்தானுங்க."

அவர் சொன்னது பொய் இல்லை. எந்த ஆண்டுவிழாவிலும் பாருங்கள். மேடைக்குக் கீழே, முன்வரிசை நாற்காலிகளுக்கும் மேடைக்கும் நடுவில், ஓர் ஆசிரியை குனிந்தும் நிமிர்ந்தும் ஆடிக்கொண்டிருப்பார். மேலே இருக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் அவரையே வெறித்துப் பார்த்துக்கொண்டு, அரை நொடி தாமதமாக அதையே செய்வார்கள். கூட்டம் கைதட்டும். அந்த ஆசிரியை படத்தில் விழுந்துவிடக் கூடாது என்று கறுப்புச் சுடிதார் போடச் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பிள்ளைகள் வலது கையைத் தூக்க வேண்டுமென்றால், எதிரில் நிற்கிற நான் இடது கையைத் தூக்க வேண்டும். பரதநாட்டியத்தில் எதையும் வலது பக்கம்தான் தொடங்குவோம். பதினான்கு வருடப் பழக்கம். அதை இடப்பக்கமாகத் திருப்பிப் போட்டு ஆடுவது முதல் வாரம் நரகமாக இருந்தது. இரண்டாவது வாரம் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். முன்வரிசையில் நடுவில் நின்ற பெண்ணைப் பார்த்தபடி அப்படியே ஆடிவிடுவது. அவள் பள்ளி நிர்வாகத்தில் ஒருவருடைய மகள். அதனால்தான் நடுவில் நின்றாள். அவள் என்னைப் பார்த்து ஆடினாள். நான் அவளைப் பார்த்து ஆடிக்காட்டினேன். ஆட்டம் யாருக்குத் தெரியும் என்று கேட்டிருந்தால் இருவருமே மற்றவரைக் கைகாட்டியிருப்போம்.

ஒரு நாள் ஒத்திகையில் அந்தப் பெண்ணுக்குத் தும்மல் வந்தது. கையை மூக்குக்குக் கொண்டு போனாள். நானும் கொண்டு போனேன். முன்வரிசை முழுவதும் கொண்டு போனது. மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அட, இது நல்லாருக்குதே, வெச்சுக்கலாமுங்க" என்றார். அந்தத் தும்மல் வரவேற்பு நடனத்தில் நிலைத்துவிட்டது. பாட்டில் 'மலரே வருக' என்பது போல ஏதோ வரும் இடம் அது. பூவை முகர்கிறார்கள் என்று பெற்றோர்களுக்கு விளக்கிக்கொள்ளலாம் என்றார்.

வரிசைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயரப்படி நிறுத்தியிருக்கிறோம் என்பார் மாஸ்டர். அப்பட்டமான பொய். முன்வரிசை ஆறு பேரும் விடுதியில் தங்கிப் படித்தவர்கள்; கார் வைத்து வந்து படம் பிடிக்கிற பெற்றோர்களின் பிள்ளைகள். இரண்டாம் வரிசையில் ஆசிரியர்களுக்கு வேண்டப்பட்டவர்கள் ஆறு பேர். கடைசி வரிசையில் எட்டுப் பேர். மஞ்சக்குட்டைப் பக்கத்து மலைக்கிராமங்களிலிருந்து தினமும் ஷேர் ஜீப்பில் வந்து போகிறவர்கள். அப்பா அம்மா காப்பித் தோட்டத்திலோ சொந்தக் காட்டிலோ வேலையாக இருப்பார்கள். ஆண்டுவிழாவுக்கு வந்தாலும் பின்னால் நின்றுவிட்டுப் போய்விடுவார்கள். அந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் முன்வரிசையை விடக் குள்ளம். போதாததற்கு ஒத்திகை நடந்த பிரார்த்தனைக் கூடத்தில் அவர்களுக்கு முன்னால் இரண்டு தூண்கள் வேறு. அவர்களுக்கு நான் தெரிய வாய்ப்பே இல்லை; முன்னால் நிற்கிறவர்களின் முதுகைப் பார்த்துத்தான் கற்றிருக்க வேண்டும். எனக்கு அவர்கள் தெரிந்தார்களா என்றால், நான் அந்தப் பக்கம் பார்த்ததே இல்லை.

ஒரு நாள் அந்த வரிசையிலிருந்து ஒருத்தி என்னிடம் வந்தாள். ஏழாம் வகுப்பு. முன்பல் ஒன்று பாதி உடைந்தவள்.

"ஏனுங்க மிஸ், நாங்க ஆடறது உங்களுக்குத் தெரியுதுங்களா?"

"ஏன் தெரியாம? நல்லாத்தான் தெரியுது."

"நாங்க மூக்குல கை வெக்கறதே இல்லீங்களே. முன்னாடி நிக்கறவங்க வெக்கறாங்கன்னு எங்களுக்கு அப்புறமாத்தான் தெரிஞ்சுது. ஏன் மிஸ் எங்களைத் திட்டலீங்க?"

போய் வரிசையில் நிற்கச் சொன்னேன். அவள் போனாள்; போகும்போது உடைந்த பல் தெரியச் சிரித்த மாதிரி இருந்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வாரமே கடைத்தெருவில் சேலம் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது, ஜீப் நிற்கிற இடத்தில் அந்த எட்டுப் பேரையும் பார்த்தேன். பைகளை ஒரு பழக்கடை ஓரத்தில் குவித்துவிட்டு ரோட்டோரத்தில் வரவேற்பு நடனம் ஆடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு இல்லை. வாயால் எண்ணிக்கை மட்டும். ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணவில்லை. உடைந்த பல்காரி தொடங்க, மற்ற ஏழு பேரும் சேர்ந்து சொன்னார்கள்:

"மாஸ்டர் தொப்ப முன்னால,
மாஸ்டர் வருவார் பின்னால,
மிஸ்ஸு மூக்கு மேலால,
மிதிடி மிதிடி காலால!"

முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. பழக்கடைப் பாய் பழத்தை அடுக்குவதை விட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். தாளம் இம்மியும் பிசகாமல் நின்றது என் காதில் விழுந்தது. ஆனால் மண்டையில் ஏறியது 'மிஸ்ஸு மூக்கு மேலால' மட்டும்தான். எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. இந்த மலையில், இந்தப் பள்ளிக்கூடத்தில், இந்தத் தும்மல் நடனத்தில் வந்து மாட்டிக்கொண்டது போதாதென்று, ஜீப்புக்குக் காத்திருக்கிற பொடிசுகள் என் மூக்கைப் பாடுகிறார்கள்.

மறுநாள் மாஸ்டரிடம் கடைசி வரிசையை எடுத்துவிடலாம் என்றேன். காரணம் சொல்லவில்லை. சரியாக ஆடுவதில்லை என்றேன். பார்க்காத ஒன்றைப் பற்றி இவ்வளவு உறுதியாக நான் அதற்கு முன் பேசியதில்லை.

"எடுத்துட்டா ஸ்டேஜு காலியாத் தெரியுமுங்க. பின்னாடி யாராச்சும் அசைஞ்சுட்டே இருக்கணும். அவங்க என்ன பண்றாங்கன்னு யாருங்க பாக்கறா?" என்றார் மாஸ்டர். அவர்கள் மேடையில் நிலைத்தது இப்படித்தான். அதற்கு நானும் காரணம் இல்லை, நல்ல மனசும் காரணம் இல்லை.

எட்டாவது வாரக் கடைசியில் ஆண்டுவிழா. வழக்கமாகக் கூடத்துக்குள் நடப்பது. அந்த வருடம் தாளாளருக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. தலைமை விருந்தினர் கீழே சமவெளியிலிருந்து வருகிறார், அவருக்கு மலையைக் காட்ட வேண்டும், ஆகவே மைதானத்தில் திறந்த மேடை. வாட்ச்மேன், மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், பந்தல்காரர்களிடம் கயிறு எடுத்துக் கொடுத்துக்கொண்டே தாளாளரிடம் சொன்னார்.

"ஏனுங்க, இந்த மாசத்துல அஞ்சு மணிக்கு மேல பனி எறங்கிருமுங்க. உள்ளாரயே வெச்சுக்கலாமுங்களே."

"நிகழ்ச்சி மூணு மணிக்குப்பா. அஞ்சுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்" என்றார் தாளாளர்.

தலைமை விருந்தினருக்குக் கொண்டை ஊசி வளைவுகள் ஒத்துக்கொள்ளவில்லை. பாதி மலையில் காரை நிறுத்தி வாந்தி எடுத்திருக்கிறார். எலுமிச்சம்பழம் வாங்கக் கார் திரும்பக் கீழே போயிருக்கிறது. நாலரைக்கு வந்து சேர்ந்தார், முகமெல்லாம் வெளுத்துப் போய். அவருக்கு மாலை, பொன்னாடை, மலர்க்கொத்து, தாளாளர் உரை, முதல்வர் அறிக்கை. இருபது பெண் பிள்ளைகளும் மேடைக்குப் பின்னால் மெல்லிய வாடகை உடையில் இரண்டு மணி நேரம் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். வரவேற்கப்பட வேண்டியவர் வந்து முக்கால் மணி நேரம் கழித்து வரவேற்பு நடனத்தை அறிவித்தார்கள்.

நான் கறுப்புச் சுடிதாரில் என் இடத்துக்குப் போய் நின்றேன். பாட்டு தொடங்கியது. முதல் சரணம் வரை ஒழுங்காகப் போனது. நடுவில் நின்ற பெண் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். சேர்வராயன் கோயில் பக்கமிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. முதலில் மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனர் போனது. பிறகு கடைசி வரிசை, அடுத்து இரண்டாம் வரிசை. வாட்ச்மேன் சொன்ன அஞ்சு மணிப் பனி, கால் மணி நேரச் சலுகை கொடுத்துவிட்டு, மொத்தமாக வந்து அமர்ந்தது. எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் பத்தடிதான். அவள் முகம் மங்கியது, கை மங்கியது, பிறகு ஆளே இல்லை.

நான் நின்றுவிட்டேன்.

அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. எட்டு வாரம் தினமும் ஆடிய ஆட்டம். தூக்கிய இடது கை தூக்கியபடி இருக்க, அடுத்த அசைவு எது என்று சுத்தமாக ஞாபகத்தில் இல்லை. மேலே முன்வரிசையும் நின்றுவிட்டது. காலடிச் சத்தம் அடங்கியதில் தெரிந்தது. யாரோ ஒருத்தி "மிஸ், எங்க இருக்கீங்க?" என்று அழ ஆரம்பித்தாள். மாஸ்டர் எங்கிருந்தோ விசில் ஊதினார். ஊதி என்ன பிரயோசனம் என்று அவருக்கே தெரியாது. பாட்டு மட்டும் ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மேடைப் பலகையின் பின்பக்கத்திலிருந்து, கால்கள். எட்டு ஜோடிக் கால்கள், ஒரே மிதி. சலங்கை ஒன்றாக விழுந்து ஒன்றாக எழுந்தது. பாட்டுக்கு அடியில், வாய்க்குள்ளேயே சொல்கிற குரல்களும் கேட்டன. மாஸ்டர் தொப்ப முன்னால. மாஸ்டர் வருவார் பின்னால. மிஸ்ஸு மூக்கு மேலால. மிதிடி மிதிடி காலால. இரண்டாம் சரணம், மூன்றாம் சரணம், சுற்றித் திரும்புகிற இடம், உட்கார்ந்து எழுகிற இடம், எதிலும் பிசகவில்லை. பாட்டின் கடைசி அடியில் எட்டுக் கால்களும் சேர்ந்து ஒரே மிதியாக முடித்தன. அதை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. வாழ்க்கையில் நான் கேட்ட முதல் சுத்தமான ஆட்டம் அதுதான் என்று இன்றும் சொல்வேன். பனிக்குள் கையைத் தூக்கியபடி நின்றிருந்த எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

தலைமை விருந்தினர் அதற்குள் காரில் பனி விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தார். தாளாளருக்கோ ஒரே பெருமை. "பனி வந்தும் பிள்ளைங்க நிக்கல பாத்தீங்களா? அதுதாங்க டிசிப்ளின்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். எந்தப் பிள்ளைகள் நிற்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. யாரும் சொல்லவில்லை. மாஸ்டர் என் அறிக்கையில் தாளாளர் சொன்னதையே எழுதினார்: 'கண்ணால் பார்க்காமலேயே ஆடும் அளவுக்கு மாணவியரைப் பயிற்றுவித்தார்.' எழுதும்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வாங்கும்போது எனக்கும் வரவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கடைசி வரிசைப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பஸ் ஏறினேன். மாஸ்டரை எவ்வளவு கேவலமாக நினைத்தேனோ, அதில் பாதியாவது எனக்கும் சேர வேண்டும்.

அந்த அறிக்கைதான் வகுப்பிலேயே நல்ல அறிக்கை என்று துறைத் தலைவி என்னைச் சென்னைக்கு அனுப்பினார்.

அந்த நடனக் குழுவை நடத்தியவர் ஐம்பது வயதுப் பெண். அலங்காரம் ஏதுமில்லாத பருத்திப் புடவை. அறிக்கையை ஒருமுறை படித்தார், மறுபடி படித்தார்.

"பார்க்காமலே ஆடற மாதிரி சொல்லிக் கொடுத்தீங்களா? நல்ல விஷயமாச்சே. அப்படின்னா நீங்களும் கண்ணை மூடிக்கிட்டு ஒரு அலாரிப்பு ஆடுங்க."

அலாரிப்பு என்பது பரதநாட்டியத்தில் குழந்தைகள் முதலில் கற்கும் உருப்படி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஆடுவேன். கண்ணை மூடினேன், ஆடினேன். எங்கும் தடுமாறவில்லை. முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தபோது நன்றாக ஆடிவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அவர் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழுக்க இடது பக்கத்துல ஆரம்பிச்சு ஆடியிருக்கீங்க. முதல்லேருந்து கடைசி வரைக்கும். தெரியுதா?"

தெரியவில்லை. அவர் சொன்ன பிறகுதான் உடம்பு முழுக்க உறைத்தது.

"நீங்க ஆடலைம்மா. யாருக்கோ ஆடிக்காட்டிட்டு இருக்கீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த பெண்ணின் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பதினான்கு வருடம் வலது காலில் நின்ற உடம்பு எட்டே வாரத்தில் கட்சி மாறியிருந்தது. வீட்டுக்கு வந்து பல நாள் அழுதேன். மாஸ்டரைத் திட்டினேன், துறைத் தலைவியைத் திட்டினேன், அந்தச் சென்னை அம்மாவையும் விடவில்லை. அவர் சொன்னது மட்டும் போகவில்லை. யோசித்துப் பார்த்தால், ஏற்காட்டுக்குப் போவதற்கு முன்பும் நான் வகுப்பில் முன்வரிசைதான். எப்போதும் டீச்சரின் கையைப் பார்த்துத்தான் ஆடியிருக்கிறேன். பார்க்க ஆள் இல்லாத இடத்தில் எனக்கு என்ன தெரியும் என்று யாரும் சோதித்ததில்லை. அந்தப் பனி வந்துதான் சோதித்தது.

இரண்டு மாதம் கழித்து ஏற்காட்டுப் பள்ளியிலிருந்து போன். மாஸ்டர் சேலத்தில் பெரிய பள்ளிக்கு மாறிவிட்டார், தன் மூன்று நடனங்களோடு. டான்ஸ் மிஸ் வேலை காலி. ஆறு மாதம் போதும் என்று வந்தேன். ஒன்பது வருடம் ஆகிறது.

வந்த முதல் வாரமே அந்தத் தும்மலை எடுத்தேன். வரிசைகளை வாரத்துக்கு ஒருமுறை மாற்றினேன். நிர்வாகத்தில் இருப்பவர்களின் மகள்களும் தூணுக்குப் பின்னால் நின்றாக வேண்டும். ஒரு மகளின் அம்மா வந்து கத்திவிட்டுப் போனார். ஆண்டுவிழாவன்று மேடைக்குக் கீழே நான் நிற்பதில்லை. நடுவில் எங்காவது ஒரு நாற்காலியில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொள்கிறேன். இல்லாவிட்டால் கை தானாக எழுந்துவிடும், அதுவும் இடது கை. பிள்ளைகள் தப்பு செய்வார்கள். ஒருத்தி வலப்பக்கம் போனால் ஒருத்தி இடப்பக்கம் போய் முட்டிக்கொள்வாள். கூட்டம் சிரிக்கும். "மிஸ்ஸு ஒண்ணும் சொல்லித் தர்றதில்லையாட்டம் இருக்குது" என்று பெற்றோர்கள் பேசிக்கொள்வது காதில் விழும். தாளாளர் வருடத்துக்கு ஒருமுறை, "கீழ நின்னு கொஞ்சம் காட்டிவிட்டாத்தான் என்னங்க?" என்பார். முடியாது என்பேன். காரணம் கேட்டால் அந்தப் பனியில் ஆடிய எட்டுப் பேரின் கதையைச் சொல்வேன். புதிதாக வருகிற எல்லாப் பெற்றோர்களிடமும் அதைச் சொல்லியிருக்கிறேன். யாரையும் நம்பாமல் ஆடினார்கள், எல்லோரும் நின்றபோதும் நிற்கவில்லை என்று சொல்லும்போது என் குரலே தழுதழுக்கும். என் வேலை முழுவதையும் அந்தக் கதையின் மேல்தான் கட்டி வைத்திருக்கிறேன்.

போன மாதம் அந்த உடைந்த பல்காரி வந்தாள். தங்கையை எங்கள் பள்ளியில் சேர்க்க வந்திருந்தாள். சேலத்தில் நர்ஸ் வேலை. பல்லைச் சரிசெய்துவிட்டாள், சிரித்தபோது அடையாளம் தெரியவில்லை, பேசியபோது தெரிந்தது. இத்தனை வருடம் அவளிடம் சொல்லாததைச் சொல்லிவிடலாம் என்று, அன்று நான் கீழே நின்றுவிட்டதையும், அவர்கள் ஆடியதைக் கேட்டதையும், அந்தப் பேரை நான் வாங்கிக்கொண்டதையும் சொன்னேன். மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன். அவள் கண்ணை அகல விரித்தாள்.

"அய்யோ, அன்னைக்கு நீங்கல்லாம் நின்னுட்டீங்களாங்க மிஸ்?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"எப்படிங்க தெரியும்? ஒண்ணும் கண்ணுக்குத் தெரியலீங்களே. நீங்கல்லாம் முன்னாடி ஆடிட்டு இருக்கீங்கன்னுதான் நெனச்சோம். தெரிஞ்சிருந்தா நாங்களும் அப்பவே நின்னிருப்போமுங்க."

ஒன்பது வருடக் கதை, பெற்றோர்களிடம் தழுதழுத்த குரல், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஊதித் தள்ளிவிட்டாள். அதைச் செய்கிறோம் என்று அவளுக்குத் தெரியவும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்க நேரமானது. அலுவலகத்தில் இருந்த கிளார்க் எட்டிப் பார்த்தார்.

"எங்க பாட்டு உங்க காதுல விழுந்துச்சுங்களா மிஸ்?" என்று தயங்கிக் கேட்டாள். விழுந்தது என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு, "இப்ப இருக்கற பிள்ளைங்க உங்களுக்கு என்ன பாட்டு கட்டியிருக்காங்க?" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை. நான் அப்படி நடத்தறதில்லை."

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "பாட்டு இல்லாம எப்படிங்க எண்ணுவாங்க?" என்றாள். தங்கையைக் கூட்டிக்கொண்டு ஜீப்புக்குப் போனாள்.

அடுத்த நாள் ஒத்திகைக்கு வேண்டுமென்றே பத்து நிமிடம் தாமதமாகப் போனேன். பிரார்த்தனைக் கூடத்தின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே கால்கள் மிதிக்கிற சத்தம். கதவில் காதை வைத்தேன்.

"மிஸ்ஸு கைய காணலடி,
தொடைக்கு அடியில தேடுங்கடி,
உக்காந்து பாக்கறது மிஸ்ஸு வேல,
ஓடி மிதிக்கறது நம்ம வேல!"

முதல் இரண்டு அடி பரவாயில்லை. பின் இரண்டு அடிகளில் சொல் நீண்டு தாளத்தை இழுக்கிறது. ஜீப் நிறுத்தத்துப் பாட்டு இதைவிட எவ்வளவோ மேல். உள்ளே போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை, கேட்டுக்கொண்டே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், என் காலும் கூடவே மிதித்துக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். வலது கால்தான். நம்பிக்கை வராமல் மறுபடியும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.